ஒரே நாளில் பதிவான ஆல்பம்: சொல்லப்படாத பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் ஆல்பத்துக்குத் தயாராகும் ஹெவி மெட்டல் குழுக்கள் ஒரு செய்தியை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றன: பிளாக் சபாத் தன் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தது என்பது. அது உண்மைதான். 1969 அக்டோபரில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் வாத்தியக்காரர்கள் மூவரும் சேர்ந்து வாசிக்க, பாடகர் தனித் தடுப்புக்குள் நின்று கூடவே பாடினார். 1970 பிப்ரவரி 13 அன்று ஆல்பம் வெளிவந்தது. ஆனால் அந்தப் பாட்டுகளை அவர்கள் அதற்கு முன்பே மேடை மேடையாக வாசித்துக் கைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். இசைப் பக்கங்களில் எழுதுவோர் இந்தப் பாதியையும் எழுத வேண்டும். முதல் பாதியை மட்டும் நம்பி ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் அங்கேதான் ஒத்திகை பார்க்கிறார்கள். வாடகையோ மணிக்கணக்கில் ஏறுகிறது.

பாட்டுகளை முதலில் ஒத்திகை அறையிலேயே தாள வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலியோடு ஒரு கைபேசியில் பதிவு செய்து கேட்டால் போதும், பிழைகளில் பெரும்பகுதி தெரிந்துவிடும். மேடையில் நிமிடத்துக்கு 200 தாள அடி என்ற வேகத்தில் பறந்த இரட்டைக் கிக் (இரு காலாலும் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), கிளிக்கோடு வைத்துப் பார்த்தால் 188-ல்தான் சுத்தமாக விழும். அப்படியானால் 188-ல் பதிவு செய்யுங்கள். கிடார் வாசிப்பவர்கள் இருவரும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியை) வேறு வேறு விதமாக வாசிப்பதும் அப்போதுதான் பிடிபடும். மேடைச் சத்தத்தில் அது காதில் விழாது.

பின்னால் திருத்தச் சிரமமானது டிரம்ஸ் என்பதால் அதை முதலில் பதிவு செய்கிறோம். புதிய ஹெட்களை (டிரம்மின் தோல்களை) முந்தைய நாளே மாட்டிவிட்டால் அவை இளகி நிலைத்துவிடும். பதிவின் நடுவே சுருதி இறங்காது. மேலே தொங்கும் இரு மைக்குகளும் ஸ்னேர் என்னும் சிறு டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து வைக்காமல் நூல் பிடித்து அளக்க வேண்டும். தூரம் வேறுபட்டால் ஒரே அடி இரண்டு நேரத்தில் வந்து சேர்ந்து ஸ்னேர் மெலிந்து ஒலிக்கும். ஸ்னேருக்குக் கீழே வைக்கும் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ்த் திசையை) திருப்பிவிடுங்கள். குச்சி விழும்போது தோல், மேலே உள்ள மைக்கை விட்டு விலகிக் கீழே உள்ள மைக்கை நோக்கி வருகிறது. திருப்பாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். சிம்பல் என்னும் உலோகத் தட்டை மென்மையாகவும் ஸ்னேரை ஓங்கியும் அடிக்கப் பழகுவது டிரம்மரின் பொறுப்பு. ஸ்னேர் மைக்குக்குள் சிம்பல் புகுந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்கும் கருவி எதையும் நாங்கள் முழுதாக நம்பமாட்டோம்.

கிடாரில் எல்லோரும் செய்யும் தவறு, மேடையில் வைக்கும் கெயின் (கரகரப்பைக் கூட்டும்) அளவை அப்படியே வைப்பது. ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழுக்க இடமும் மற்றதை முழுக்க வலமும் வைக்கும்போது கரகரப்பும் கூடும். கெயினைக் கணிசமாகக் குறைத்தால்தான் ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கும். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்துச் சற்றே தள்ளிவைப்பது இதற்கு ஈடாகாது. ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டால் அது பொள்ளலாக ஒலிக்கும். கீழ்த்தந்தியை சி வரை இறக்கும் டிராப் சி சுருதிக்கு 46 கனமுள்ள (0.046 அங்குலம்) தந்தி தொய்ந்து ஆடும். ஓங்கி அடித்த கணத்தில் சுருதி ஏறிப் பிறகு இறங்கும். 56 அல்லது அதற்கு மேல் தேவை. பிளாக் சபாத்தின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி மெல்லிய தந்திகளில் வாசித்தாரே என்று கேட்பார்கள். தொழிற்சாலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவருக்கு அது தேவையாக இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் சுருதி சரிபாருங்கள். கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்குப் போகும் முன்னுள்ள நேரடி ஒலியையும் தனித் தடத்தில் சேமித்துவைத்தால், ஆம்ப் ஒலி பிடிக்காவிட்டாலும் வாசிப்பு வீணாகாது.

பாஸ் கிடாருக்குப் புதுத்தந்தி போதும், மற்றதைத் தடங்களைச் சேர்க்கும் மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம். குரல் அப்படியல்ல. அலறிப் பாடுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளி, ஒரே இரவில் எட்டுப் பாட்டையும் பாட வைப்பது கொடுமை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். தொண்டை வலித்தாலோ குரல் கம்மினாலோ உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக, சத்தம். 2008-ல் வந்த மெட்டாலிகா ஆல்பம் மிகையாக நசுக்கப்பட்டிருப்பதாக (மென்மைக்கும் உரப்புக்கும் வேறுபாடின்றிச் சத்தம் ஏற்றப்பட்டிருப்பதாக) ரசிகர்களே குறைபட்டார்கள். அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டில் அதைவிடத் தெளிவாக ஒலித்தன. இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் சமன்செய்துவிடுவதால், நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே இறக்கப்படும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்புக்கு) அனுப்பும் கோப்பில், ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் போடாதீர்கள். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 3 டெசிபெல்லைத் தாண்டாமல் அனுப்புங்கள். தனித்தனித் தடங்களை இரண்டு டிரைவ்களில் பிரதியெடுத்து, இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர்கள் சிலர்