இரண்டு முகவரிகள், ஒரே பள்ளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சாலைப் பணிக்காகத் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுபடுவதும், செல்போனில் டவர் முழுதாகக் காட்டியும் அழைப்பு போகாமல், வங்கி ஓடிபியும் வராமல் மக்கள் தவிப்பதும் புதிதல்ல. ஜேசிபி ஓட்டுநரைக் குறை சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு கேபிள் அறுந்தால் எல்லாமே ஏன் நிற்க வேண்டும் என்பதே தொலைபேசி நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் கேள்வி.

நாம் பேசும் குரல் வேறு. யாரை அழைக்கிறோம், அவர் எந்த டவரின் கீழ் இருக்கிறார், மணி அடிக்கலாமா என்று நிலையங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் சிக்னலிங் வேறு. 1980-இல் வகுக்கப்பட்ட எஸ்எஸ்7 முறையில் இது விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள தனி இணைப்புகளில் சென்றது. குறுஞ்செய்தியும் அதன் வழியே வந்தது. இரு நிலையங்களுக்கு இடையே சிக்னலிங் வழி ஆண்டுக்கு மொத்தம் 10 நிமிடத்துக்கு மேல் முடங்கக் கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்ததால், இணைப்புகளை இரட்டையாக அமைப்பது அன்றைய நடைமுறை.

இந்த சிக்னலிங்கை, இணையம் இயங்கும் முறையான ஐபி வலையமைப்பில் கொண்டு செல்வதே சிக்ட்ரான். இணையத்தில் தகவலைக் கொண்டு சேர்க்கும் வழக்கமான நெறிமுறையான டிசிபி இதற்கு ஒத்துவரவில்லை. அதில் ஒரு பொட்டலம் (தகவல் துண்டு) தொலைந்தால், அதனோடு சம்பந்தமே இல்லாத அழைப்புகளின் தகவலும் பின்னால் காத்துக் கிடக்கும். ஆகவே 2000-இல் எஸ்சிடிபி என்ற புதிய நெறிமுறை வெளியிடப்பட்டது. தகவல்களைத் தனித்தனி ஓடைகளாகப் பிரித்து அனுப்பும் இதன் பெரிய பலம், ஒவ்வொரு முனைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரிகளைத் தரலாம் என்பதே. பயன்பாட்டில் இல்லாத பாதையையும் 'ஹார்ட்பீட்' என்ற சிறு சோதனைச் செய்தி அனுப்பிச் சோதித்துக்கொண்டே இருக்கும். ஒரு பாதை பதிலளிக்காவிட்டால் போக்குவரத்தை மற்றொன்றுக்கு மாற்றிவிடும். 4ஜி-யில் எஸ்எஸ்7-இன் இடத்துக்கு வந்த டயாமீட்டரையும் பெரும்பாலும் எஸ்சிடிபி-தான் சுமக்கிறது.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் மென்பொருளுக்கு முகவரி தெரியுமே தவிர, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அறுந்த இடத்தில் இழைகளை மீண்டும் இணைக்கும் ஸ்ப்ளைசிங் செய்ய இறங்கினால், முதன்மைப் பாதையின் குழாயும் மாற்றுப் பாதையின் குழாயும் ஒரே பள்ளத்தில் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். திரையில் இரண்டு பாதைகளும் பச்சையாகத் தெரிந்திருக்கும். பள்ளத்தில் இரண்டும் ஒரே வெட்டில் போயிருக்கும். அஞ்செட்டி மலைக் கிராமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 108-ஐ அழைப்பவருக்கு அந்த இரண்டாவது முகவரியால் என்ன பயன்?

வேறு வழியில்லாத ஊர்களும் அல்ல இவை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை என நான்கு பக்கமும் நெடுஞ்சாலைகள் பிரிகின்றன. தருமபுரியிலிருந்து நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்ல, ரயில் பாதையோ பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகச் செல்கிறது. செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் 64 கிலோபிட் இணைப்புகளைக் கைவிட்டு ஐபி-க்கு மாறியதில் மிச்சமானதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவதே நியாயம்.

நிறுவனங்கள் தங்கள் சிக்னலிங்கின் இரு பாதைகளும் வெவ்வேறு தடத்தில் செல்வதை மாவட்ட வாரியாக உறுதிப்படுத்தவும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பாதையை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்து அதன் முடிவை வெளியிடவும் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட வேண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் தர 2023-இல் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யு டிக்' செயலியில் பதிவு செய்யாத ஒப்பந்ததாரருக்கு, பணியைத் தொடங்க மாவட்ட நிர்வாகம் அனுமதி தரக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்,
கிருஷ்ணகிரி.