களனிக் கரையிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். கொழும்பில் கொட்டாஞ்சேனையில் அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், காலையில் இடியப்பமும் சொதியும் தருகிறார். தெருவில் தமிழுக்குப் பஞ்சமில்லை. துணிக்குச் சாயம் போடும் எங்கள் மில்லில் மட்டும் சிங்களம் வேண்டும், மெல்லப் பிடிபடுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

"அங்க சாயத்தண்ணிய எங்கப்பா விடறாங்க?" என்று போனில் கேட்டீர்கள். நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறு உப்பாகி, தென்னை காய்ந்ததைப் பார்த்தவர் நீங்கள், வேறென்ன கேட்பீர்கள்? போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மில் பியகமப் பக்கம். களனி ஆறு மலையில் பிறந்து 145 கிலோமீட்டர் ஓடி, கொழும்புக்கு வடக்கே கடலில் சேர்கிறது. பியகமவைத் தாண்டி, கடலுக்கு முன்னால், அம்பத்தலையில் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். தொழிற்சாலைகள் மேலே, குடிநீர் கீழே. 2015-ல் ஒரு தொழிற்சாலையிலிருந்து டீசல் ஆற்றில் கலந்து, குடிநீர் எடுப்பதையே நிறுத்தவேண்டி வந்தது. அதனால் மில்லின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் என் வேலை எனக்குச் சாதாரண வேலையாகத் தெரியவில்லை அப்பா.

சாயம், சலவை, சோப்புக் கழுவல் எல்லாத் தண்ணீரும் முதலில் ஒரு பெரிய தொட்டிக்கு வரும். ஒரு மணி நேரம் கறுப்பு, அடுத்தது சிவப்பு, கை வைக்க முடியாத சூடு, காரமும் அதிகம். அங்கே கலந்து ஆறவைத்து, அமிலம் விட்டுக் காரத்தை இறக்குகிறோம். அப்புறம் காற்றுத் தொட்டி. அடியிலிருந்து இரவுபகலாகக் காற்று அடிக்க, தண்ணீரிலுள்ள அழுக்கை பாக்டீரியா தின்னும். அடுத்த தொட்டியில் பாக்டீரியா சேறாகப் படியும். அதில் ஒரு பங்கைத் திரும்பக் காற்றுத் தொட்டிக்கே விடுவோம், அம்மா நாளைக்கு உறைமோர் எடுத்து வைப்பதைப் போல. சூடான தண்ணீர் தவறி உள்ளே போனாலோ, காற்று நின்றாலோ பாக்டீரியா செத்துப்போகும். மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். இரவு ஷிப்டில் என் கண் முழுக்க அந்தத் தொட்டி மேல்தான்.

வெளியே விட, பி.ஓ.டி.யும் (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) சி.ஓ.டி.யும் (அழுக்கை ரசாயனத்தால் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு) விதித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இங்கே சுற்றுச்சூழலைக் கவனிக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மில் ஓட்ட முடியாது. பி.ஓ.டி. முடிவு வர ஐந்து நாள் ஆகும், அதற்குள் தண்ணீர் கடலுக்கே போயிருக்கும். அதனால் சில மணி நேரத்தில் தெரிகிற சி.ஓ.டி.யை வைத்துத்தான் அன்றாடம் முடிவெடுக்கிறோம்.

நீங்கள் உண்மையில் கேட்டது உப்பைப் பற்றி என்று எனக்குத் தெரியும். பருத்தித் துணியில் அடர்ந்த நிறம் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு போடுவார்கள். அதை எந்த பாக்டீரியாவும் தின்னாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் உப்பு அப்படியே இருக்கும். நம் கிணற்றைக் கெடுத்தது நிறம் இல்லை, இதுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் திருப்பூர் பெரிதும் மாறியது. ஆர்.ஓ. வடிகட்டி வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்ச உப்புநீரை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிறார்கள்.

இங்கே களனியில் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, நொய்யல் மாதிரி வறண்ட ஆறு இல்லை. அதனால் உப்பு கரைந்து போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கோடையில் இந்த ஆறும் இறங்கும். அப்போது கடல்நீரே மேலேறி வரும், அம்பத்தலை அருகே மணல் மூட்டை போட்டுத் தடுத்ததும் உண்டு. அந்த மாதங்களில் மேலிருந்தும் உப்பு வரக்கூடாது. தண்ணீரைத் திரும்ப எடுத்துப் புழங்க வேண்டும் என்று மேனேஜரிடம் பேசியிருக்கிறேன், கணக்குப் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

ஒரு உதவி அப்பா. பெரியப்பா மகன் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில்தானே இருக்கிறான்? ஆவியாக்க மின்சாரமும் விறகும் மாதம் எவ்வளவு பிடிக்கிறது, திரும்ப எடுத்த உப்பு வெளிர் நிறங்களுக்குச் சரியாக வருகிறதா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது. இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்