சங்கம் யாரிடம் கடன்பட்டிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நஷ்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கடன் கட்டாத விவசாயியையும் தள்ளுபடி அறிவிக்கும் அரசையும்தான் கைகாட்டுகிறார்கள். சங்கத்துக்கே கடன் கொடுக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி கணக்கிலேயே வருவதில்லை. சங்கச் செயலாளராக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, அரசு தரும் வட்டி மானியத்தை விட்டுவிடுவோம். சங்கம் வங்கியில் 9 சதவீதத்துக்கு ஒரு லட்சம் வாங்கி, பத்து உறுப்பினர்களுக்குப் பத்தாயிரம் வீதம் 11 சதவீதத்துக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு மிஞ்சுவது 2,000 ரூபாய். சம்பளம், மின்கட்டணம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் அதற்குள். இரண்டு பேர் வட்டி கட்டவில்லையென்றால் வரவு 8,800. வங்கிக்குத் தர வேண்டியது 9,000. உறுப்பினர் தவணை தவறலாம், சங்கம் தவற முடியாது.

பிறகு நடப்பதுதான் மோசம். மற்றவர்கள் கட்டிய அசலை எடுத்து வங்கி வட்டியை அடைப்பார்கள். அந்த உறுப்பினர்களின் கடன் தீர்ந்துவிடும். வங்கி ஏட்டில் சங்கத்தின் அசல் குறையாமல் நிற்கும். உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டியதைவிட வங்கிக்குத் தர வேண்டியது கூடிப்போகும். 'இம்பேலன்ஸ்' என்று நாங்கள் சொல்வது இந்த இடைவெளியைத்தான். இந்தத் தொகைக்கு நோட்டீஸ் அனுப்பக்கூட ஒரு பெயர் கிடையாது.

2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. நல்ல காரியம்தான். ஆனால் அரசின் பணம் வந்து சேரும்வரை வங்கிக்குக் கடன்காரர் சங்கமே.

சொந்தமாக வைப்புத்தொகை திரட்டி, அதிலிருந்தே நகைக்கடன் கொடுத்த சங்கங்கள் ஓரளவு தலைநிமிர்ந்து நிற்கின்றன. அவையும் உபரிப் பணத்தை அதே மத்திய வங்கியில்தான் போடுகின்றன. வாங்கும் கடனுக்கும் போடும் பணத்துக்கும் வட்டி சொல்வது ஒரே இடம் என்றால் பேரம் பேச என்ன இருக்கிறது? ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள எந்த நிதி நிறுவனத்திடமும் சங்கங்கள் கடன் வாங்கலாம் என்று பொருளாதார அறிஞர் ஏ. வைத்தியநாதன் தலைமையிலான குழு 2005-லேயே பரிந்துரைத்தது. அப்படி வெளியே போய் வாங்கிய சங்கம் எதையும் நான் பார்த்ததில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் தரும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், வங்கிக்குத் தர வேண்டியதையும் உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். கூட்டுறவுத் துறை ஒரு சுற்றறிக்கை போட்டாலே போதும்.

ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர்,
மன்னார்குடி வட்டம்