மான் கணக்கைக் கேட்கக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில், ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் பழங்குடிகளான சாமி (Sámi) இன மக்களைப் பற்றி வந்த கட்டுரை, அவர்கள் ஏதோ காலம் நின்றுபோன இடத்தில் வாழ்கிறார்கள், அமெரிக்கர்கள் எந்திரம் மாதிரி ஓடுகிறார்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கிறேன், போன கோடையில் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில், ஒரு வாரம் தங்கிவிட்டும் வந்தேன். அப்படி இல்லை ஐயா.

1960களிலிருந்தே அவர்கள் பனி ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள், இப்போது தாங்கள் மேய்க்கும் ரெயின்டீர் என்கிற பனிமான்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையும் மாட்டுகிறார்கள். சாமி மக்களில் பெரும்பாலோர் மான் மேய்ப்பவர்களும் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில்.

ரெயின்டீர் கன்றுகளுக்குக் குறி போடுவதைப் பார்த்தேன். நடுராத்திரி, வெயில் அடிக்கிறது, அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி, கன்றை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, சின்னக் கத்தியால் அதன் காதில் தன் குறியை வெட்டி, வெட்டிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டாள், கடைசியில் கன்றுகளை எண்ண அந்தத் துண்டுகள்தான் கணக்கு. அதாவது மான் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் சொந்தம், சிறுமிக்கும் உண்டு. ஆனால் மேய்ச்சலும் வேலையும் 'சீடா' என்கிற, சில குடும்பங்கள் சேர்ந்த கூட்டுக்கு. அவள் அப்பாவிடம் எத்தனை மான் என்று கேட்டேன். "மரத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு" என்றார். அது வங்கிக் கணக்கில் எவ்வளவு என்று கேட்பதற்குச் சமம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இங்கே எங்கள் தெருவில் எந்த வீடு என்ன விலை என்பது போனில் தட்டினால் வந்துவிடும். வீட்டுக்கு வீடு பனி அள்ளும் மெஷின் நிற்கிறது, எதிர்வீட்டுப் பாட்டியின் வாசலை யார் அள்ளுவது என்பது மட்டும் ஒவ்வொரு ஜனவரியிலும் யாருக்கும் தெரிவதில்லை.

பொதுவானதைக் கவனிக்காத இந்தக் குறையை அமெரிக்காவின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. நார்வேயிலேயே ஃபோசென் பகுதியில், சாமி மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில், 151 காற்றாலைகளை நட்டார்கள். அந்த அனுமதி செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறமும் அவை சுற்றிக்கொண்டேதான் இருந்தன, 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள், கடைசியில் விவகாரம் இழப்பீடு, ஒப்பந்தம் என்று முடிந்தது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மினசோட்டா