இடது பின் டயர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேத்திக்குக் காது குத்திய போட்டோவை உன் தங்கச்சி பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிறாள். பிள்ளை உன்னை மாதிரியே முறைக்கிறது. ஏன் உடனே பதில் போடவில்லை என்று கேட்டால் காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு டயர். டிராக்டரின் இடது பின் டயர்.

போன வருஷம் வாங்கினேனே, அந்த 18 குதிரைச் சக்தி மினி டிராக்டர்தான். தென்னை வரிசைக்கு நடுவே பெரிய வண்டி திரும்பாது, வாடகை வண்டிக்காரரைக் கெஞ்சிக் கூப்பிடுவதற்குள் மண் காய்ந்துவிடும் என்று செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து அந்த ஒரு டயரில் மட்டும் காற்று நிற்கவில்லை. பஞ்சர் என்றால் ஒரேயடியாக உட்கார்ந்துவிடும், கழற்றிக் கடைக்குக் கொண்டு போவோம், வேலை முடிந்தது. இது அப்படி உட்காரவும் இல்லை, ஒழுங்காக நிற்கவும் இல்லை. சாயங்காலம் 14 பாயிண்ட் வைத்தால் காலையில் 9 இருக்கும்.

காருக்கே முப்பதுக்கு மேல் அடிக்கிறோம், டிராக்டருக்கு 14 தானா என்று கேட்பாய். இந்த மாதிரி சின்ன வண்டியின் பின் டயருக்கு அவ்வளவு போதும். டயர் கொஞ்சம் தளர்ந்து அகலமாக உட்கார்ந்தால்தான் மண்ணைப் பிடிக்கும். கல் மாதிரி காற்றடித்தால் சக்கரம் வழுக்கும், மண்ணும் இறுகிப்போகும். இதில் ஒரு வம்பு என்னவென்றால், ஏற்கனவே தொளதொளவென்று இருக்கிற டயரில் ஐந்து பாயிண்ட் போனால் பார்வைக்குத் தெரியவே தெரியாது. உட்கார்ந்து ஓட்டும்போது வண்டி இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கும். அதையும் வரப்பு மேடு என்று நினைத்துக்கொள்வேன்.

என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மாதம் முழுக்க தினமும் காலையில் கால் பம்பை எடுத்து மிதித்தேன். காபிக்கு முன்னால் இருநூறு மிதி. கந்து வட்டிக்காரனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. சக்கரத்தைக் கழற்றச் சோம்பல், அதுதான் உண்மை. டாக்டர் நடக்கச் சொன்னாரே, அதற்குப் பதில் இது என்று உன் தங்கச்சியிடம் சமாளித்துவிட்டேன்.

டியூபில் காற்றடிக்கிற குழாயான மவுத்தில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். நம் ஊர் சைக்கிள் கடையில் கற்ற வித்தைதான். ஒரு குமிழும் வரவில்லை. மவுத்துக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் வால்வு பின்னை இறுக்கிப் பார்த்தேன், அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது. (மவுத்துக்குப் போடும் பழைய இரும்பு மூடிகளின் தலையில் கவட்டை மாதிரி ஒரு பிளவு இருக்குமே, பின்னைக் கழற்றத்தான் அது. இத்தனை வருஷமும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.) சரி, உள்ளேதான் கோளாறு என்று முடிவு செய்து ஒரு வழியாகக் கழற்றினோம்.

நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய். முதலில் ஜாக்கியைப் போட்டுத் தூக்கிவிட்டு, அப்புறம் நட்டைத் திருப்பினால் சக்கரம் கூடவே சுற்றுகிறது. திரும்ப இறக்கி, தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி தூக்கினோம். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல், ஆக்சிலுக்கு அடியில் பழைய தண்டவாளக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது என்பதில் மட்டும் நான் உன் சிஷ்யன். தோட்டத்தில் வேலை செய்யும் பையன் இல்லாவிட்டால் சக்கரத்தை இறக்கியிருக்கவே முடியாது.

ரோட்டோரப் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைப் பையன் வேகமாகத்தான் டயரைக் கழற்றினான். டியூபைத் தொட்டியில் முக்கினான். ஒரு இடத்தில் மணி மணியாகக் குமிழ் வந்தது. அரத்தால் சுரண்டி, சூடு வைத்து ஒட்டி, மாட்டிக் கொடுத்துவிட்டான். எனக்குப் பெரிய நிம்மதி. நான்காம் நாள் காலையில் மீட்டரை வைத்தேன். 10.

மறுபடியும் கழற்றினோம். இந்த முறை புது ஓட்டை, பழைய ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி. பையன் அதையும் ஒட்ட எடுத்தான். எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஊசி இரண்டு தடவை குத்தியிருக்கிறது. டியூபை விடு, டயரைக் கொடு என்று வாங்கினேன். உள்ளே வெறுங்கையால் தடவியிருந்தால் விரல் போயிருக்கும். பழைய பனியனைச் சுருட்டி உள்பக்கம் முழுக்க மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். முக்கால் சுற்று வந்ததும் நூல் மாட்டியது. குனிந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்த பிறகு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது, எள் அளவு. வெளிப்பக்கம் அதே இடத்தில் பார்த்தால் தழும்பு கூட இல்லை. குறடால் உள்ளிருந்து பிடித்து இழுத்தேன். வந்தது ஒரு சீமைக்கருவேல முள், சுண்டுவிரல் நகம் நீளம். தரையில் உரசி வெளிமுனை தேய்ந்து ரப்பருக்குள் மறைந்துவிட்டது. உள்முனை மட்டும் ஊசியாகக் காத்திருந்திருக்கிறது.

அந்த மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடிதம் முடியாது. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம். இன்று சிவகங்கை, ராமநாதபுரத்தில் எந்தக் கண்மாய்க்குள் பார்த்தாலும் அதுதான் நிற்கிறது. வேலி அடைக்கும், அடுப்பு எரிக்கும், கரிமூட்டம் போட்டுச் சிலர் பிழைக்கவும் செய்கிறார்கள். எனக்கு மட்டும் டயரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முள்ளை எடுத்தாயிற்று, கதை முடிந்தது என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து பாயிண்ட் இறங்கியது இப்போது இரண்டு பாயிண்ட் இறங்க ஆரம்பித்தது. மருமகன் போனில், டியூபுக்குள் ஒரு ஜெல் ஊற்றுங்கள் மாமா, தானே அடைத்துக்கொள்ளும் என்றான். பஞ்சர் கடைப் பையனிடம் கேட்டேன். அதை ஊற்றிக்கொண்டு என் கடைக்கு வராதீர்கள் சார், உள்ளே வழவழவென்று ஆகிவிட்டால் ஒட்டுப் பிடிக்காது என்று கையெடுத்துக் கும்பிட்டான். அதுவும் நியாயம்தான்.

அப்போதுதான் கணக்கு வாத்தியார் புத்தி வேலை செய்தது. ஷெட் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். தினமும் விடிகாலையில், வெயில் படுவதற்கு முன் ஒரே நேரத்தில் அளந்தேன். ஓட்டி முடித்த சூட்டில் மீட்டர் வைத்தால் கூடுதலாகக் காட்டும், அது நம்மை ஏமாற்றும். ஒவ்வொரு தடவை மீட்டர் வைக்கும்போதும் புஸ்ஸென்று கொஞ்சம் போகிறதே, அதனால் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான். பத்து நாள் எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மழை பெய்து வண்டி நின்ற மூன்று நாளில் காற்று இறங்கவே இல்லை. உழவு ஓட்டிய மறுநாள் மட்டும் இறங்கியிருக்கிறது. நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் ஒழுகுகிற டியூபை எந்தத் தண்ணீர்த் தொட்டி காட்டிக் கொடுக்கும்?

மூன்றாம் முறையாகக் கழற்றினோம். பையன் டியூபை முக்கி, குமிழே இல்லை சார் என்றான். நான் தண்ணீருக்குள் கையை விட்டு மவுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தேன். தண்டு டியூபோடு சேரும் அடிவாரத்தில் ஒரு குமிழ் எழும்பி வந்தது. விட்டால் நின்றது. மறுபடி சாய்த்தால் இன்னொன்று. பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

காரணம் நான்தான் மச்சான். காற்றுக் குறைவாக இருக்கும்போது மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் போட்டு இழுத்தால் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். டயரோடு டியூபும் நகரும். மவுத் மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இழுபட்டு இழுபட்டு அடியில் ரப்பர் விரிந்துவிட்டது. இத்தனை நாளும் மவுத் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றிருக்கிறது. தினமும் அதில்தான் பம்பை மாட்டினேன், பார்க்கத்தான் இல்லை. ஒரு மாதம் காற்று இறங்குகிற டயரோடு ஓட்டிவிட்டு முள்ளின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

மவுத் மட்டும் மாற்றி ஒட்டலாம் என்றான். வேண்டாம் என்று 8.00-18 அளவில் புது டியூபே வாங்கிவிட்டேன். ரிம்மில் துரு பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். டயருக்குள் பவுடர் தூவி, டியூபில் உருண்டை பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றி உள்ளே விட்டோம். முழுக்க அடித்த பிறகு பின்னைக் கழற்றிக் காற்றை ஒரு தடவை மொத்தமாக விட்டு மறுபடி அடித்தான், மடிப்பு ஏதும் இருந்தால் நிமிர்ந்துவிடுமாம். வண்டியில் மாட்டும்போது டயரின் அம்புக்குறி முன்பக்கம் பார்க்கிறதா என்று கவனித்தோம். மறுநாள் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். ஒரு நட்டு கால் சுற்றுப் போனது.

அதிலிருந்து 14 அப்படியே நிற்கிறது. மவுத்துக்கு மூடியும் வாங்கிப் போட்டாயிற்று.

இந்த நாட்களில் சந்தைப்பேட்டைப் புளியமரத்தடி சைக்கிள் கடை அடிக்கடி நினைவுக்கு வந்தது. சொல்யூஷன் தடவிவிட்டு நீ அவசரப்பட்டு வாயால் ஊதுவாய், எச்சில் ஈரம் பட்டால் ஒட்டாது என்று பெரியவர் உன் தலையில் தட்டுவார். தண்ணீர் இல்லாத நாளில் டியூபை உதட்டருகே வைத்துச் சுற்றிக்கொண்டே வந்து, இங்கே குளிருது என்று நீ ஓட்டையைக் கண்டுபிடிப்பாய். புளியமரத்தை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். பெரியவர் மகன் இப்போது அதே இடத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

பேரனிடம் டயர் கதையைச் சொன்னேன். அவன் போனில் தேடிப் பார்த்து, அமெரிக்காவில் 1932 வாக்கில்தான் டிராக்டருக்குக் காற்று டயர் போட ஆரம்பித்தார்கள், அதுவும் முதலில் ஆகாய விமானத்து டயரை மாட்டிப் பார்த்தார்களாம் தாத்தா, அதற்கு முன்னால் எல்லாம் இரும்புச் சக்கரம் என்றான். இரும்புச் சக்கரம் பஞ்சர் ஆகாது, ஆனால் ஓட்டுகிறவன் முதுகு பஞ்சராகியிருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

மற்றபடி ஊரில் மழை பரவாயில்லை. கண்மாயில் பாதித் தண்ணீர் நிற்கிறது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை, ஓலை எல்லாம் கரி பூசின மாதிரி இருக்கிறது. உன் முட்டிக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று எழுதியிருந்தாயே. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் செய்துகொண்டு நன்றாக நடக்கிறார்கள், ஒருவர் இன்னும் வலிக்கிறது என்கிறார். இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவு செய். நடக்கிற நாளில் வலிக்கிறதா, படுத்திருக்கிற நாளிலும் வலிக்கிறதா என்று நீயும் ஒரு கட்டம் போட்டு எழுதிப் பாரேன்.

பொங்கலுக்கு எப்படியும் வா. திருச்சியிலிருந்து வரும்போது, உன்னிடம் முன்பு பார்த்தேனே, பிடி வைத்த அந்தச் சின்ன ரப்பர் அரம், அது இருந்தால் பையில் போட்டுக்கொள். முன் டயர் ஒன்று இரண்டு நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்