வாண்டில் ஆற்றுக்குள் இறங்கியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அயலவர்களுக்கு,

ஒவ்வொருவராகத் தேடிவந்து நன்றி சொல்லத்தான் ஆசை. எல்லாருடைய வீடும் தெரியாது, அதனால் தெற்கு லண்டனில் ஓடும் எங்கள் வாண்டில் ஆற்றைத் துப்புரவாக்கிக் காத்துவரும் உங்களுக்கு இந்த மடல்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் ஊரின் தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பெய்த மழை அதற்குள் ஊறித்தான் கிணற்றுக்கு வரும். மோர்டனில் இத்தனை வருடம் வாண்டில் கரையால் நடந்தும், இதுவும் அப்படி ஊறி வரும் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. கார்ஷால்டன் குளத்தடியில் அதைச் சொல்லித் தந்தவர் துப்புரவுக்கு வரும் ஒரு பெரியவர். வெண்சுண்ணப் பாறைக்குள்ளால் வடிந்து வருவதால்தான் தெளிவாம், கோடையிலும் குளிர்ச்சியாம். உலகத்தில் இப்படியான ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. ஐயா, முதல் நன்றி உங்களுக்கு.

1960களில் கழிவு வாய்க்கால் என்றே ஒதுக்கப்பட்ட ஆறு இது. இன்று ட்ரவுட் மீன் இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறுகளில் நெஞ்சளவு ரப்பர் உடுப்போடு இறங்கி, சேற்றில் புதைந்த கடைத் தள்ளுவண்டிகளைக் கயிறு கட்டி இழுத்தவர்களே, உங்கள் கைவிரல்கள் குளிரில் விறைத்ததைக் கரையில் நின்று பார்த்தவள் நான். வகுப்பறைத் தொட்டியில் மீன்முட்டை பொரிக்கவைத்து, பிள்ளைகளின் கையாலேயே குஞ்சுகளை ஆற்றில் விடவைத்த ஆசிரியர்களுக்கும் நன்றி. என் மகள் இன்றைக்கும் பாலத்தடியில் நின்று "என்ர மீன்" என்று தேடுகிறாள்.

2025 பெப்ரவரியில் ஆற்றில் டீசல் கலந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. நீங்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. மணத்தை வைத்தே உடனே அறிவித்தவர்கள், எண்ணெய் படிந்த வாத்துகளையும் தாராக்களையும் பிடித்துக் கழுவக் கொண்டுபோனவர்கள், நாய்களைத் தண்ணீரில் விடவேண்டாம் என்று கரை நெடுக நின்று சொன்னவர்கள், ஒருவரையும் மறக்கமாட்டேன்.

பூச்சி எண்ணும் தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. மூன்று நிமிடம் காலால் ஆற்றடியைக் கிளறி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிக் காட்டினீர்கள். குப்பை என்று நான் நினைத்த ஒரு சிறு குழல் நகர்ந்தது. மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டித் தனக்கென்று வீடு கட்டிக்கொண்ட புழு. மெல்லத் தலையை வெளியே நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. இந்தப் பூச்சிகள் குறைந்தால் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம், மீன் சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றீர்கள். அன்றிலிருந்து கல்லைப் புரட்டிப் பார்க்காமல் நான் ஆற்றைக் கடப்பதில்லை. பார்த்த கல்லைப் பார்த்தபடியே திரும்ப வைக்கவும் நீங்கள்தான் பழக்கினீர்கள்.

டூட்டிங்கிலிருந்து போத்தலில் இஞ்சிப் பிளேன்டீ கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றித் தந்த அன்ரி, அந்தப் போத்தல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு இந்தமுறை நான் நிரப்பிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மோர்டனிலிருந்து ஓர் அயலவள்