புதுக்குடி ஊராருக்கு ஒரு ரயில் பயணியின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய புதுக்குடி ஊர் மக்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்து ஜல்லியை வெள்ளம் அரித்துப் போனதால் உங்கள் ஊருக்கு அருகே ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றபோது, அதில் ஏறத்தாழ 800 பேர் இருந்தோம். வண்டியை மேற்கொண்டு போகவிடாமல் நிறுத்திய ரயில்வே ஊழியர்களுக்கு முதல் நன்றி.

அடுத்து உங்களுக்கு. சுற்றிலும் வெள்ளம் நிற்கையில் கோயிலில் உலை வைத்து, வடித்த சோற்றை நிலையத்துக்குச் சுமந்து வந்தீர்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்த பிறகே மற்றவர்களுக்குப் பரிமாறினீர்கள். "அரிசி இருக்கு, காய் வாங்கத்தான் வழியில்ல" என்று, குழம்பு நீர்த்துப் போனதற்காக ஒரு பெரியம்மா வருத்தப்பட்டார். பசியில் இருந்த எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை.

வெள்ளம் வடியும் முன்பே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையை வானிலை ஆய்வு மையம் சரியாகக் கணித்துச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12ஆம் தேதியே எச்சரித்தாயிற்று என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். மிக கனமழை என்ற எச்சரிக்கையை மட்டும் வைத்து 95 சென்டிமீட்டருக்கு எவரும் ஆயத்தமாக முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குளத்துக் கரைகளைப் பலப்படுத்தவும், தாமிரபரணிக் கரையில் படகுகளைத் தயாராக வைக்கவும் டெல்லியின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதேபோல, மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசு தரும் 75 சதவீதம் ஆண்டுதோறும் தந்தே ஆகவேண்டிய பங்கு. அதை வெள்ள நேரத்தில் தனிச் சலுகைபோல எடுத்துச் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

உங்களைப் புகழ்வதில் மட்டும் கட்சி வேறுபாடு இல்லை. புகழ்வதற்குச் செலவில்லை, உங்கள் உலையைப் பற்றிச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ யாரும் கணக்குக் கேட்கப் போவதுமில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று நிலையிலும் ஆணையங்களை அமைத்து வைத்திருக்கும்போது, பயணிகளுக்கு முதல் சோறு ஒரு கிராமத்தின் கோயிலிலிருந்து வந்தது ஏன் என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்லவேண்டும். ஆகவே இந்த நன்றியை எந்த அரசும் தன் வரவில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளத்தில் இறங்கி எங்களை வெளியே கொண்டுவந்த மீட்புப் படையினருக்கும், வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலை இயக்கியவர்களுக்கும் என் வணக்கம். மீட்பில் நேர்ந்த தாமதம் அவர்கள் கையில் இருக்கவில்லை.

இப்படிக்கு,
செந்தூர் விரைவு ரயிலில் வந்த பயணி